கலசத்தைக் காணோம்!

உங்கள் சட்டைப் பையில் இருக்கிற போனில் மொத்தம் எத்தனை புள்ளிகள் என்று எண்ணியிருக்கிறீர்களா? (எண்ண வேண்டாம். மானேஜர் பார்த்துவிடுவார்.) இப்போது விற்கிற சாதாரண போன்களில் பலவற்றின் திரை 2400-க்கு 1080. பெருக்கினால் சுமார் 26 லட்சம் புள்ளிகள். சரி, ஹாலில் மாட்டியிருக்கிற 32 இஞ்ச் டி.வி.யில்? 'ஹெச்.டி. ரெடி' என்று அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டு விற்றார்களே, அதில் 1366-க்கு 768. வெறும் பத்தரை லட்சம்!

ஆக, பெரியவர் என்று நாம் மரியாதை கொடுக்கிற டி.வி.யிடம், பொடியனான போனிடம் இருக்கிற சொத்தில் பாதிகூடக் கிடையாது. பங்களா பெரிசு, உள்ளே சாமான் இல்லை.

"ரெடி" என்றால் என்ன அர்த்தம்? பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை "வேலைக்கு ரெடியா இருக்கேன்" என்று சொன்னால் என்ன அர்த்தமோ, அதே அர்த்தம்தான்.

இந்தப் போனையும் இந்த டி.வி.யையும் ஒரு ஒயரால் முடிச்சுப் போட்டால் படம் கண்ணாடி மாதிரி வரும் என்று நம்பி மாசம் பிறந்தவுடன் கடைக்குப் போகிறவர்கள் நம் ஊரில் அதிகம். வை-ஃபை மேல் நமக்கு நம்பிக்கை வராது. கண்ணுக்குத் தெரிகிற ஒயர் என்றால்தான் திருப்தி. டெக் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூணு படம் பார்த்த பரம்பரை இல்லையா? மஞ்சள் பின் மஞ்சள் ஓட்டையில், சிவப்பு சிவப்பில். செருகினால் படம். அவ்வளவுதான் அன்றைக்குத் தொழில்நுட்பம்.

இன்றைக்கு அப்படி இல்லை என்பதை, நண்பர் ஒருவர் எழுநூறு ரூபாய் செலவழித்துத் தெரிந்துகொண்டார். ராஜபாளையத்தில் ஒரு மில் ஆபீஸில் கணக்குப் பிரிவு. வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். தினம் பஸ்ஸில் போய் வருகிறவர். அவருடைய அம்மாவுக்குப் போன வருஷம் முழங்காலில் ஆபரேஷன். ஆடிப்பூரத் தேருக்கு வடம் தொட்டுக் கும்பிடப் போகாத வருஷமே அந்த அம்மாவுக்குக் கிடையாது. அந்தத் தேர் ஒரு காலத்தில் நிலைக்கு வர நாள்கணக்கில் ஆகும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அப்போதும் தினம் போனவர். இந்தத் தடவை டாக்டர் கண்டிப்பாகக் கூடாது என்றுவிட்டார்.

"அம்மா, நான் போய் முழுசா எடுத்துட்டு வாரேன். வீட்ல டி.வி.லயே பாத்துக்கலாம்" என்று நம்மவர் சொல்லிவிட்டார். வாக்கு கொடுத்தாயிற்று. கூட்டத்தில் நசுங்கி, ஒரு வீட்டு மாடியில் இடம் பிடித்து, தேரும் பின்னால் 192 அடி ராஜகோபுரமுமாக எடுத்தும் விட்டார். மிச்சம் இருந்தது ஒயர்தான்.

கடை அண்ணாச்சி கேட்ட முதல் கேள்வி சரியான கேள்வி: "தம்பி, போன்ல டைப்-சியா?"

"ஆமா அண்ணாச்சி."

"அப்ப இது போட்டுக்கோங்க." ஒரு முனை டைப்-சி, மறுமுனை ஹெச்.டி.எம்.ஐ.

கேட்காமல் விட்ட இரண்டாவது கேள்விதான் முக்கியம். வீட்டில் போய்ச் செருகினால் டி.வி. 'நோ சிக்னல்' என்றது. திருப்பிச் செருகினார். நோ சிக்னல். பல்லைக் கடித்துக்கொண்டு செருகினார். அப்பவும் நோ சிக்னல்.

டைப்-சி என்பது ஓட்டையின் வடிவம்தான். உள்ளே என்ன ஓடுகிறது என்பதை அது சொல்லாது. வாசல் ஒரே மாதிரி இருக்கிற ஹவுசிங் போர்டு வீடுகள் மாதிரி, உள்ளே குடியிருப்பவர் வேறு வேறு. 2014-இல் இந்த டைப்-சி வந்தபோது 24 பின்களுக்கு இடம் ஒதுக்கினார்கள். அதே வருஷம், அதில் உள்ள வேகமான கம்பிகள் வழியாக வீடியோவையும் அனுப்பலாம் என்று 'டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்' என்ற ஏற்பாட்டைச் செய்தார்கள். ஆனால் போன் கம்பெனிக்காரர்கள் செலவு பார்ப்பார்கள் அல்லவா? பட்ஜெட் போன்களில் பெரும்பாலும் அந்த வேகக் கம்பிகளை இணைப்பதே இல்லை. சார்ஜ் ஏறும், போட்டோ காப்பியாகும், அதோடு சரி. அந்த மாதிரிப் போனில் எந்த ஊர் ஒயரைச் செருகினாலும் படம் வராது. கோளாறு ஒயரில் இல்லை, அண்ணாச்சியிடமும் இல்லை.

ஆண்ட்ராய்டு வாங்கும்போது விவரக் குறிப்பில் 'யூ.எஸ்.பி. 2.0' என்று இருந்தால் ஆசையை விட்டுவிடலாம். '3.1', '3.2' என்றிருந்தால் நம்பிக்கை உண்டு, உத்தரவாதம் இல்லை. 'டிஸ்ப்ளேபோர்ட்' என்ற வார்த்தை இருக்கிறதா என்று பார்ப்பதே உத்தமம். சாம்சங்கில் 2017-இல் வந்த எஸ்-8 முதல் எஸ் வரிசையில் இந்த வசதி உண்டு. ஐபோனில் 2023-இல் வந்த 15-இலிருந்து உண்டு. கூகுள் பிக்ஸல் 8 கதை தமாஷ்: வசதியை உள்ளே வைத்து 2023-இல் விற்றுவிட்டு, 2024 ஜூனில்தான் சாஃப்ட்வேர் அனுப்பித் திறந்துவிட்டார்கள். கல்யாணமாகி எட்டு மாசம் கழித்துச் சீர்வரிசை!

நம்மவர் போன் இந்த ஜாதகத்தில் எதிலும் இல்லை. அண்ணாச்சி நல்ல மனிதர். ஒயரை வாங்கிக்கொண்டு வேறு ஒன்று கொடுத்தார். எல்லா போனுக்கும் சேரும் என்று சொன்னார். நடுவில் தீப்பெட்டி சைஸில் ஒரு டப்பா. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

2013 மார்ச்சில் அமெரிக்காவில் 'பானிக்' என்ற சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர்களுக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஆப்பிளின் லைட்னிங்-ஹெச்.டி.எம்.ஐ. அடாப்டர், 49 டாலர். அதில் படம் கொஞ்சம் மசங்கலாக, கட்டம் கட்டமாகத் தெரிகிறதே, ஏன்? ரம்பத்தை எடுத்து அடாப்டரை அறுத்துவிட்டார்கள். உள்ளே ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்தது. ஏ.ஆர்.எம். சிப், 256 எம்.பி. ஞாபக சக்தி சகிதம்! போன் தன் படத்தை நசுக்கி அனுப்ப, டப்பா அதைப் பிரித்து டி.வி.க்குக் கொடுத்துக் கொண்டிருந்தது. ஒயர் என்று நினைத்தது ஒயரே இல்லை, இடைத்தரகர். இரண்டு கை மாறினால் எதில்தான் கமிஷன் போகாது? இங்கே கமிஷனாகப் போனது படத்தின் துல்லியம்.

ஆப்பிளுக்கே அந்த கதி என்றால் எழுநூறு ரூபாய் டப்பாவைக் கேட்கவா வேண்டும்! இவை போன் திரையை நொடிக்கு நொடி நகல் எடுத்து, நசுக்கி, மெதுவான கம்பி வழியே அனுப்பி, அந்தப் பக்கம் விரித்துக் கொடுக்கின்றன. தலைவர் பேசுகிற வீடியோவில் பெரிசாகத் தெரியாது. கூட்டம், தேர், ஆடுகிற தோரணம் என்று திரை முழுக்க அசைகிற காட்சியில் எல்லாம் கஞ்சியாகிவிடும்.

இன்னொரு சமாசாரம். சில டப்பாக்கள் வேலை செய்ய, கூடவே வருகிற க்யூ.ஆர். சதுரத்தை ஸ்கேன் பண்ணி ஒரு 'ஆப்' போடச் சொல்லும். அந்த ஆப் கேட்கிற அனுமதி என்ன தெரியுமா? உங்கள் திரையில் தெரிவதை எல்லாம் பார்க்கிற அனுமதி. அதே போனில்தான் உங்கள் பாங்க், உங்கள் யு.பி.ஐ., ஓ.டி.பி. எல்லாம் இருக்கிறது. பிளே ஸ்டோரில் இல்லாத, கம்பெனி பெயர் தெரியாத ஆப்பாக இருந்தால் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள். தேர் பார்க்க ஆசைப்பட்டு பாங்க் பாலன்ஸைப் பறிகொடுக்க வேண்டாம்.

நண்பருக்கு அந்தத் தொல்லை இல்லாமல் படம் வந்துவிட்டது. வந்தது என்றால், நாலு பக்கமும் கறுப்புத் துணி கட்டின மாதிரி நடுவில் வந்தது. இதற்கும் கணக்கு உண்டு. டி.வி. 16-க்கு 9 உருவம். போன் 20-க்கு 9, ஒல்லியாக நீளமாக. போன் திரையை அப்படியே காட்டினால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை. அதற்குள், வீடியோ 16-க்கு 9 என்பதால், போனிலேயே இடது வலது கறுப்பு. மொத்தத்தில் டி.வி. பரப்பில் 64 சதவீதம்தான் படம்! போனைச் செங்குத்தாகப் பிடித்தால் இன்னும் மோசம். நடுவில் கால்வாசி அகலத்துக்கு ஒரு தூண் மட்டும் தெரியும்.

நம்மவர் சும்மா இருப்பாரா? ரிமோட்டில் 'ஜூம்' அழுத்தினார். கறுப்பு போனது. தேர் பெரிசாச்சு. அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஏய்யா, கோபுரம் தெரியுது. கலசத்தக் காணோமே?"

ஜூம் கலசத்தை வெட்டிவிட்டது. ஜூம் இல்லாவிட்டாலும் சில டி.வி.கள் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டித்தான் காட்டும். பழைய குண்டு டி.வி. காலத்தில் ஓரம் கோணல்மாணலாக இருக்கும் என்பதற்காக வைத்த பழக்கம். 'ஓவர்ஸ்கேன்' என்று பெயர். டி.வி. தட்டையாகிவிட்டது, பழக்கம் போகவில்லை. செட்டிங்கில் எல்.ஜி.யில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சோனியில் 'ஃபுல் பிக்ஸல்', சாம்சங்கில் 'ஸ்க்ரீன் ஃபிட்' என்ற மாதிரி ஒன்று ஒளிந்திருக்கும். தேடிப் போடுங்கள்.

அம்மா அதோடு விடவில்லை. "ஆளுங்க மூஞ்சியே தெரியலையே ராசா. எல்லாம் சாம்பார் மாதிரி இருக்கு."

மறுநாள் நண்பர் என்னிடம் வந்து புலம்பினபோது கேட்டேன், "எடுத்த போன்லேர்ந்தே போட்டீங்களா?"

"இல்லண்ணே. எடுத்தது தம்பி போன்ல. அவன் வாட்ஸப்ல அனுப்பிச்சான்."

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரிடம் இதை விளக்குவது ரொம்பச் சுலபம். பாலைச் சுண்டக் காய்ச்சினால் பால்கோவா. 2019-இல் புவிசார் குறியீடு எல்லாம் வாங்கிய பெருமைக்குரிய பால்கோவா. ஆனால் அதில் தண்ணீர் விட்டுக் கலக்கினால் திரும்பப் பால் ஆகுமா? வாட்ஸப் செய்வது அந்தச் சுண்டக் காய்ச்சல். சாதாரண 1080 வீடியோ நிமிஷத்துக்கு 130 எம்.பி. என்று வைத்துக்கொண்டால் மூணு நிமிஷத் தேர் 390 எம்.பி. வாட்ஸப்பில் வீடியோவுக்குப் பல வருஷம் எல்லை 16 எம்.பி.தான். 24 பங்கில் ஒரு பங்காகச் சுண்டினது. 2023-இல் 'ஹெச்.டி.' என்று ஒரு பொத்தான் கொடுத்தார்கள். அதிலும் கொஞ்சம் காய்ச்சத்தான் செய்கிறார்கள். பாலாகவே போக வேண்டுமானால் 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். தம்பிக்கு இது தெரியாது. தெரிந்த தம்பிகள் குறைவு.

சுண்டினதை டப்பா இன்னொரு தடவை நசுக்கி, அதை ஜூம் வேறு இழுத்து, பத்தரை லட்சம் புள்ளியில் பரத்தினால் எதிர் வீட்டுக்காரர் மூஞ்சி எப்படித் தெரியும்? சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்களே, அதைப் பார்த்தவர்களுக்குப் புரியும். இழை நெருக்கமாக இருந்தால் வேட்டி, தள்ளித் தள்ளி இருந்தால் பேண்டேஜ். 32 இஞ்ச் ஹெச்.டி. ரெடி என்பது பேண்டேஜ் ரகம். பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்த்தால் வேட்டி மாதிரித்தான் தெரியும். கிட்டப் போனால்தான் வண்டவாளம்.

வழி என்ன? டிராயரில் தூங்குகிற பென் டிரைவ். நான் நண்பரிடம் சொன்னது அதுதான். தம்பி போனிலிருந்து அசல் ஃபைலை ஓ.டி.ஜி. போட்டுப் பென் டிரைவில் ஏற்றி, டி.வி. முதுகில் செருகுங்கள். தரகர் கிடையாது, கறுப்புத் துணி கிடையாது, டி.வி.யே ஃபைலைப் படித்து முழுத் திரைக்கும் காட்டும். ஒயருக்கு எழுநூறு ரூபாய் கொடுப்பதற்கு முன்னால் யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

இதிலும் இரண்டு முள் உண்டு. ஒன்று, பென் டிரைவ் 'ஃபேட்-32' முறையில் இருந்தால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஃபைலை ஏற்றாது. இரண்டாவது முள்தான் நண்பரைக் குத்தியது. நாதஸ்வரம் கேட்கிறது, தேரைக் காணோம்! புதுப் போன்கள் இடத்தை மிச்சம் பண்ண 'ஹெச்.265' என்கிற முறையில் வீடியோ எடுக்கும். பழைய டி.வி.க்கு அந்தப் பாஷை தெரியாது. கேமரா செட்டிங்கில் 'ஹை எஃபிஷியன்ஸி' என்பதை அணைத்துவிட்டு எடுத்திருந்தால் தொல்லையில்லை. எடுத்ததை மாற்ற, கம்ப்யூட்டரில் 'ஹேண்ட்பிரேக்' மாதிரி ஓசி சாஃப்ட்வேர் இருக்கிறது. மில் ஆபீஸில் சிஸ்டம் பார்க்கிற பையன் சாப்பாட்டு நேரத்தில் மாற்றிக் கொடுத்தான். (மானேஜருக்குத் தெரியாது. இந்தப் பத்திரிகை அவர் வாங்குவதில்லை என்று நம்புகிறேன்.)

அன்று ராத்திரி அந்த அம்மா மூணு தடவை பார்த்தாராம். கலசம் இருந்தது. வடம் பிடித்த கூட்டத்தில் எதிர் வீட்டுக்காரம்மா இருந்தார். முந்தின நாள் அது முகமே இல்லை, பழுப்பு நிறச் சதுரம். "நிப்பாட்டு, நிப்பாட்டு. வடத்தத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிறா பாரு" என்று எழுந்து போய்த் திரையைத் தொட்டாராம். முழங்காலை மடக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னது அப்போது யாருக்கும் ஞாபகம் இல்லை.

சினிமா பார்க்கிறவர்களுக்கு வேறு கதை. மேற்படி நகல் டப்பாவில் ஓ.டி.டி. படம் போட்டால் வசனம் கேட்கும், திரை இருட்டாக இருக்கும். திருட்டு வி.சி.டி. பயத்தில் வைத்த பூட்டு அது. 'ஹெச்.டி.சி.பி.' என்று பெயர். வீடியோ வசதி உள்ள போன், நல்ல அடாப்டர், டி.வி. மூன்றுக்கும் இந்தப் பூட்டுக்குச் சாவி இருந்தால்தான் கதவு திறக்கும். நெட்ஃப்ளிக்ஸ் 2019-இல் 199 ரூபாய்க்கு மொபைல் பிளான் என்று இந்தியாவில் கொண்டுவந்தது. அதில் படம் 480 கோடுகள்தான். போனில் ஜோராக இருக்கும். 43 இஞ்ச்சில் அதை இழுத்து விரிக்க ஆசைப்படுவது, கர்ச்சீப்பை ஜமுக்காளமாக விரிப்பது மாதிரி. யூடியூப் என்றால் ஒயரே வேண்டாம். ஸ்மார்ட் டி.வி.யில் 'காஸ்ட்' அழுத்தினால் போன் வெறும் ரிமோட், டி.வி. நேராக நெட்டிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும்.

டேப்லெட் வைத்திருப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அதே ஜாதகம்தான். விலை கூடின சாம்சங் டேப் எஸ் வரிசையில் பெரும்பாலும் உண்டு, டேப் ஏ-யில் எதிர்பார்க்காதீர்கள். 2022-இல் வந்த பத்தாவது தலைமுறை ஐபேட் ஒரு விசித்திரம்: டேட்டா வேகம் 2.0-தான், ஆனாலும் டி.வி.க்கு 4கே வரை படம் கொடுக்கும். ஐபேட் சதுரமான ஆசாமி என்பதால் டி.வி.யில் இடமும் வலமும் கறுப்பு வரும்; ஜூம் பண்ணிக் கலசத்தை வெட்டாதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் கலர் அடிக்கிறதா? கடையில் கண்ணைப் பறிப்பதற்காக வைத்த 'விவிட்' மோடை மாற்றுங்கள். ராஜபாளையத்து நாயை விவிட்டில் பார்த்தால் தெரியும். 2005-இல் தபால்தலையில் இடம்பிடித்த வெள்ளை வெளேர் நாய். அதன் உடம்பில் காதோரம், விலா எலும்பு என்று மெல்லிய நிழல்கள் உண்டு. விவிட்டில் அதெல்லாம் போய், சுண்ணாம்பு அடித்த சுவருக்கு வால் முளைத்த மாதிரி இருக்கும். 'சினிமா' மோடில் நாய் நாயாக இருக்கும். இரவுக் காட்சி தார் பூசினது மாதிரி இருந்தால் 'ஹெச்.டி.எம்.ஐ. பிளாக் லெவல்' என்பதைத் திருப்பிப் பாருங்கள். டி.வி.க்காரர்கள் கறுப்பை 16, வெள்ளையை 235 என்று எண்ணுகிறவர்கள். கம்ப்யூட்டர்க்காரர்களுக்கு அது 0, 255. எண்ணுகிற விதத்தில் தகராறு வந்தால் இருட்டில் இருப்பவர்கள் காணாமல் போவார்கள்.

தங்க முலாம் பூசின ஒயர் வாங்கலாமா என்று ஒருவர் கேட்டார். ஆறடி தூரத்துக்குத் தங்கமும் பித்தளையும் ஒன்றுதான். டிஜிட்டலில் சிக்னல் போனால் முழுசாகப் போகும், இல்லாவிட்டால் புள்ளி தெறிக்கும், விட்டு விட்டு வரும். தங்கத்தால் எதிர் வீட்டம்மா முகம் கூடுதலாகப் பளபளக்காது.

கடைசியாக, 2006-க்குப் பிறகு அரசு இலவசமாகக் கொடுத்த 14 இஞ்ச் கலர் டி.வி. இன்னும் சில வீடுகளில் ஓடுகிறது. அதில் போட முடியுமா? வீடியோ கொடுக்கிற போனாக இருந்தால் தாராளமாக. ஹெச்.டி.எம்.ஐ.யை மஞ்சள், சிவப்பு, வெள்ளைக்கு மாற்றும் சின்ன டப்பா கிடைக்கிறது. சார்ஜரிலிருந்து அதற்குக் கரண்ட் கொடுக்க வேண்டும். எழுத்து படிக்க முடியாது, ஆனால் சினிமா ஆச்சரியமாக நன்றாகவே இருக்கும். அந்தக் குண்டுக் கண்ணாடி நசுங்கின படத்தின் கட்டங்களை எல்லாம் பூசி மெழுகிவிடும். டப்பாவின் ஓரத்தில் 'பால்', 'என்.டி.எஸ்.சி.' என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். தப்பான பக்கம் இருந்தால் படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டோ போகும். பால் பக்கம் தள்ளுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.